அரைப் புள்ளியின் எடை

1970-இல் நார்வேயைச் சேர்ந்த பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இலங்கை மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த 480 ஆண்களின் வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லையும் அதைப் பிடித்திருக்கும் ஈறையும் அளந்து எழுதிக்கொண்டார்கள். அத்தனை பேரும் மலையகத் தமிழர்கள், இளம் வயதினர். பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பல் டாக்டர் என்றொருவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. சொத்தைப் பல் அநேகமாக ஒருவருக்கும் இல்லை என்பது வந்தவர்களுக்கு வியப்பு. ஆனால் எல்லார் வாயிலும் அழுக்குப் படலம், பல்லடியில் கெட்டியாய் ஒட்டிய காரை, சிவந்து வீங்கிய ஈறு.

அடுத்த 15 ஆண்டுகளில் குழு திரும்பத் திரும்ப வந்து அதே வாய்களை அளந்தது. முடிவு 1986-இல் வெளியானது. பல் பராமரிப்பு என்று ஒன்றுமே இல்லாத இந்த மனிதர்கள் ஒரே மாதிரி பல்லை இழக்கவில்லை. 81 விழுக்காட்டினருக்கு நோய் மிதமான வேகத்தில் நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்பு வரை போகவே இல்லை. மிச்சம் 8 விழுக்காட்டினருக்கு மட்டும் காட்டுத்தீ: 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போயின, 40 வயதில் 20, 45 வயதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு மனிதனின் பல் விழுவதை 15 ஆண்டுகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நிற்கலாமா என்ற கேள்வி இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும். இன்று இப்படியோர் ஆய்வுக்கு எந்த அறநெறிக் குழுவிடமும் அனுமதி வாங்குவது கடினம். ஆனால் உலகமெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒரு பாடம் அந்தத் தோட்டத்து மனிதர்களின் வாயிலிருந்துதான் எழுதப்பட்டது. அழுக்கு எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது, விளைவு ஒன்றாக இல்லை. நோயைத் தொடங்கிவைப்பது கிருமி. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது உடம்பு.

உடம்பின் பக்கமிருந்து ஈறு நோயை முடுக்கிவிடும் காரணங்களில் இரண்டுக்குத்தான் மறுக்க முடியாத சான்று உண்டு. ஒன்று புகையிலை. மற்றொன்று சர்க்கரை நோய். லோ தோட்டங்களில் சர்க்கரையைத் தேடிப் போகவில்லை. ஆனால் 1993-இல், ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று அழைத்துக் கட்டுரை எழுதியவர் அவரேதான். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள், ஆறாத புண் என்று மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணிவந்த ஐந்தோடு வாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் ஊர் சுகர் கிளினிக்கில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்பவர் குறைவு.

சுகர் வந்தால் பல் ஆடும் என்பது வீட்டுத் திண்ணை வரை தெரிந்த செய்தி. இந்தக் கட்டுரையின் கவலை அதன் மறுதலை: ஈறைச் சரிசெய்தால் சுகர் குறையுமா? குறையும் என்றால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாளைக்கு?

சந்தேகம் முதலில் வலுத்தது அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில். கீலா ஆற்றங்கரையில் வாழும் பிமா இனத்தவர் தலைமுறை தலைமுறையாக ஆற்றுப் பாசனத்தில் பயிர் செய்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குடியேறிகள் மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் போனது, பஞ்சம் வந்தது, பிறகு அரசாங்கம் தந்த மாவும் கொழுப்பும் உணவாயின. 1963-இல் மூட்டு வாதத்தை ஆராயப் போன அமெரிக்க அரசின் மருத்துவக் குழு, தேடாத ஒன்றைக் கண்டது: உலகில் அதுவரை எங்கும் பதிவாகாத அளவுக்குச் சர்க்கரை நோய். 1965 முதல் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்துப் பதிவுசெய்தார்கள். பின்னர் அதில் பல் பரிசோதனையும் சேர்ந்தது.

முதலில் எதிர்பார்த்த திசையிலேயே விடை வந்தது. சர்க்கரை உள்ள பிமாக்களுக்குப் புதிதாக ஈறு நோய் வரும் வேகம் மற்றவர்களைவிட 2.6 மடங்கு. பிறகு 1996-இல் ஜார்ஜ் டெய்லரும் கூட்டாளிகளும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். தொடக்கத்தில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து யாருக்குக் கட்டுப்பாடு தவறியிருக்கிறது என்று பார்த்தார்கள். ஈறு நோய் முற்றியிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு சுமார் 6 மடங்கு கூடியிருந்தது. 2005-இல் இன்னும் கனமான செய்தி. 35 வயதைக் கடந்த 628 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், ஈறு நோய் முற்றியவர்கள் இதய நோயாலோ சர்க்கரை தந்த சிறுநீரகக் கோளாறாலோ இறக்கும் அபாயம் 3.2 மடங்கு.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு வேளை பல் துலக்குகிறவர் மாத்திரையையும் நேரத்துக்குப் போடுகிறவராக இருக்கலாம். சிகரெட்டை விடாதவர் நடைப்பயிற்சியையும் தொடாதவராக இருக்கலாம். கணக்கில் வயது, எடை, புகையிலை என்று எத்தனையை ஈடுகட்டினாலும், ஒரு மனிதர் தன்னைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை முழுதாக ஈடுகட்டிவிட முடியாது. பிமாக்களின் எண்கள் சந்தேகத்தைத் தூண்டும், தீர்ப்பு எழுதாது.

அப்படியானால் வாயிலிருக்கும் ஒரு வீக்கம் ரத்தச் சர்க்கரையை எந்த வழியில் தொட முடியும்? ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அது 3 மில்லிமீட்டருக்குள் நிற்கும். நோய் வந்தால் பள்ளம் பையாகிறது. பல் மருத்துவர்கள் அதைப் பாக்கெட் என்பார்கள். 5, 6, 7 மில்லிமீட்டர் என ஆழம் போகப் போக, காற்றுப் புகாத அந்தப் பையில் கிருமிகள் கூட்டம் கூட்டமாய்ப் படலம் கட்டுகின்றன. பையின் உட்சுவர் தோல் உரிந்த புண். எல்லாப் பற்களையும் சுற்றியுள்ள இந்தப் புண்ணை விரித்துப் போட்டால் உள்ளங்கை அளவு வரும் என்று பல் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். 2001-இல் பிலிப் ஹுஜோல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நோயாளிகளிடம் ஈறும் பல்லும் சந்திக்கும் அந்தப் பரப்பு 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் என்று வந்தது. உள்ளங்கையில் சிறு பகுதிதான். மிகைப்படுத்தல் உடைந்தது நல்லது. ஆனால் 20 சதுர சென்டிமீட்டர் என்பதும் சின்னப் புண் இல்லை. காலில் அந்த அளவு புண் வந்தால் சர்க்கரை நோயாளியின் வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். ஈறில் வந்தால் வலிப்பதில்லை, துப்பும்போது கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்.

அந்தப் புண்ணோடு உடம்பு நடத்தும் போரில் சுரக்கும் வேதிப் பொருட்கள் வாயோடு நிற்பதில்லை. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 போன்றவை ரத்தத்தில் கலக்கின்றன. வீக்கத்தின் அடையாளமான சி-ரியாக்டிவ் புரதத்தைக் கல்லீரல் அதிகமாய்ச் சுரக்கிறது. 1993-இல் கோகான் ஹோத்தாமிஷ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் ஆல்ஃபா மிகுதியாகச் சுரப்பதையும், அதை முடக்கினால் எலிகளின் உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்வதையும் காட்டினார்கள். வீக்கம் இன்சுலினின் குரலை அடக்குகிறது என்ற எண்ணத்துக்கு அதிலிருந்தே அடித்தளம் கிடைத்தது. வீக்கம் கொழுப்பிலிருந்து வந்தாலென்ன, ஈறிலிருந்து வந்தாலென்ன?

மறுபக்கம், சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் புரதங்கள் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, எளிதில் சிதையாத கூட்டுப் பொருளாகத் திசுக்களில் படிகின்றன. வெல்லப்பாகு ஆறினால் பாத்திரத்தில் எப்படிப் பிடித்துக்கொள்ளுமோ அப்படி. இவற்றை உணரும் ஏற்பிகள் ஈறிலும் உண்டு. அவை தூண்டப்பட்டால் வீக்கம் அடங்க மறுக்கும். ஈறைத் தாங்கும் கொலாஜன் இழைகள் கட்டுவதைவிட வேகமாகக் கரையும். ஆக, சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது, கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. படத்தில் இது அழகான வட்டம். வட்டத்தின் ஒரு கையை வெட்டினால் மறு கை தளருமா என்பதைப் படம் சொல்லாது. அதற்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைகளுக்கு மருத்துவ உலகம் ஆர்வத்தோடு ஓடிவரவில்லை. அதற்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டரும், பிறகு சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸும், வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டு வாதம் முதல் மனநோய் வரை பல வியாதிகளுக்கு வேர் என்று பேசினார்கள். விளைவாக, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான நல்ல பற்கள் பிடுங்கப்பட்டன. வாதம் போகவில்லை, பல் போயிற்று. 1930-களின் இறுதியில் அந்தக் கொள்கை சரிந்தபோது, வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு என்று யார் பேசினாலும் மருத்துவர்கள் முகம் சுளிக்கத் தொடங்கினார்கள். 1960-இல் வில்லியம்ஸும் மாகனும் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், சர்க்கரை உள்ள 9 இளைஞர்களுக்கு ஈறு சிகிச்சை செய்ததில் 7 பேருக்கு இன்சுலின் தேவை குறைந்தது என்று எழுதினார்கள். ஒப்பிட மற்றொரு குழு இல்லை, 9 பேர்தான். ஆனாலும் அந்தச் சிறு கட்டுரையைத் தொடர்ந்து பெரிய சோதனை ஒன்று உடனே வந்திருக்க வேண்டும். வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

மறுபடியும் பிமாக்கள்தான். 1997-இல் சாரா குரோசி, ராபர்ட் ஜென்கோ குழு 113 பிமா நோயாளிகளுக்கு ஆழமான சுத்தம் செய்து, சிலருக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையும் தந்தது. மாத்திரை பெற்றவர்களிடம் மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண், தன் அளவில் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கியது. 10 இருந்தவருக்கு 9 என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கல்: டாக்சிசைக்ளின் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதோடு கொலாஜனைக் கரைக்கும் நொதியையும் அடக்கும். சுத்தம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. அடுத்தடுத்து உலகின் பல மூலைகளில் 30 பேர், 50 பேர் என்று சிறு சோதனைகள் குவிந்தன. தொகுத்துப் பார்த்தால் சராசரி இறக்கம் 0.4 புள்ளி அளவில் நின்றது. சிறு சோதனைகளின் கூட்டுத்தொகையை நம்புவது எப்போதும் ஆபத்து, ஏனெனில் தோற்றவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும்.

எனவே அமெரிக்கா பெரிய சோதனை ஒன்றுக்குப் பணம் ஒதுக்கியது. ஸ்டீவன் எங்கெப்ரெட்சன் தலைமையில் ஐந்து மையங்களில் 514 நோயாளிகள். ஒரு பாதிக்கு ஆழமான சுத்தம், வாய் கொப்பளிக்கும் மருந்து, பிறகு மூன்றாம், ஆறாம் மாதங்களில் தொடர் கவனிப்பு. மறு பாதிக்கு ஆறு மாதம் கழித்துச் செய்துதருவதாக வாக்கு. 2013 டிசம்பரில் முடிவு வந்தது: சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி 0.17 ஏறியிருந்தது, பெறாதவர்களுக்கு 0.11. இறங்கவே இல்லை. இனித் தொடர்ந்து பயனில்லை என்று, புதிதாக நோயாளிகளைச் சேர்ப்பதை முன்கூட்டியே நிறுத்தியிருந்தார்கள். ஈறைக் கிளறிச் சுகரைக் குறைக்கும் கதை முடிந்தது என்று பல மருத்துவர்கள் நிம்மதியாகக் கோப்பை மூடினார்கள்.

நான் அந்த ஆய்வறிக்கையின் தலைப்பைவிட அதன் அட்டவணைகளையே கவனிக்கச் சொல்வேன். சிகிச்சைக்குப் பிறகும் பற்பரப்பில் 72 விழுக்காட்டில் அழுக்குப் படலம் அப்படியே இருந்தது. தொட்டால் ரத்தம் கசியும் இடங்கள் 42 விழுக்காடு. ஒரு நல்ல பல் மருத்துவர் தன் நோயாளியை இந்த நிலையில் குணமானவர் என்று வீட்டுக்கு அனுப்பமாட்டார். ஈறு ஆறவில்லை. ஆறாத ஈறு சுகரைக் குறைக்கவில்லை என்பதில் என்ன புதுமை? அதோடு, சோதனையில் சேர்க்கும்போதே நோயாளிகளின் சராசரி ஹெச்பிஏ1சி 7.8. ஓரளவு கட்டுப்பட்டிருந்த எண் மேலும் இறங்க இடம் குறைவு. பெரும்பாலோர் மிகப் பருத்தவர்கள். அவர்கள் உடம்பில் கொழுப்பு எழுப்பும் வீக்கத்தின் இரைச்சலில் ஈறின் முணுமுணுப்பு எங்கே கேட்கும்? ஜென்கோ உள்ளிட்ட பலர் இந்தக் குறைகளைக் கூட்டாக எழுதினார்கள். தனக்குப் பிடிக்காத முடிவு வந்தால் குறை தேடுவது மனித இயல்பு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்தான். ஆனால் 72 விழுக்காடு அழுக்கு யாருடைய கண்ணோட்டத்தையும் பொறுத்ததல்ல.

விடை லண்டனிலிருந்து வந்தது. ஃபிரான்செஸ்கோ டாயுட்டோவின் குழு 264 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. இவர்கள் சிகிச்சையை ஒருமுறை செய்து கைகழுவவில்லை. ஒரு குழுவுக்கு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்து, ஆறாத இடங்களில் அறுவை செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு மீண்டும் சுத்தம் செய்தார்கள். மற்றவர்களுக்கு அதே நாட்களில் மேலோட்டமாகக் காரை எடுத்தல், மெருகு. ஓராண்டு முடிவில் மேலோட்டக் குழுவின் ஹெச்பிஏ1சி 8.1-இலிருந்து 8.3-க்கு ஏறியிருந்தது, ஆழமாகச் செய்த குழுவில் 7.8-க்கு இறங்கியிருந்தது. மற்ற காரணிகளை ஈடுகட்டிய பிறகு இடைவெளி 0.6. ரத்தக் குழாய்களின் செயல்பாடும் சிறுநீரகச் செயல்பாடும்கூட மேம்பட்டிருந்தன. 2018-இல் வெளியான இந்த ஆய்வின் வலிமை, எண்ணிக்கையைவிட, ஈறை உண்மையிலேயே ஆற்றிக் காட்டியதில்தான் இருக்கிறது.

2022-இல் காக்ரேன் அமைப்பு எல்லாச் சோதனைகளையும், தோற்ற அமெரிக்கச் சோதனை உட்பட, ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டது. 35 ஆய்வுகள், 3,249 நோயாளிகள். மூன்று, நான்கு மாதத்தில் சராசரி இறக்கம் 0.43. ஆறு மாதத்தில் 0.30. ஓராண்டுக் கணக்கு 0.50, ஆனால் அது லண்டன் ஆய்வு ஒன்றை மட்டுமே நம்பி நிற்கிறது. சான்றின் உறுதி நடுத்தரம் என்றும், இனி வரும் சோதனைகள் இந்த முடிவைப் புரட்டிப்போட வாய்ப்பில்லை என்றும் எழுதினார்கள். இவை எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பற்றியவை.

ஆக விடை கிடைத்துவிட்டது: சராசரியாக அரைப் புள்ளிக்குச் சற்றுக் குறைவு. இதன் எடை என்ன? பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வின் 2000-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஹெச்பிஏ1சி 1 புள்ளி குறைவாக இருப்பவர்களுக்கு கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சிக்கல்கள் 37 விழுக்காடும், சர்க்கரை தொடர்பான மரணம் 21 விழுக்காடும் குறைவு. அதைப் பாதியாக்கி ஈறுக்குக் கொடுத்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம். அந்த ஆய்வு பல ஆண்டுகள் நீடித்த வேறுபாட்டைப் பேசுகிறது, ஈறு சோதனைகளில் பெரும்பாலானவை ஆறு மாதம் தாண்டவில்லை. சரியான ஒப்பீடு வேறு. முதல் மாத்திரையான மெட்ஃபார்மினோடு இரண்டாவதாகச் சேர்க்கப்படும் சில மாத்திரைகள் தரும் இறக்கம் அரையிலிருந்து முக்கால் புள்ளிதான். ஈறு சிகிச்சை அந்த வரிசையின் கடைசியில், கொஞ்சம் கீழே நிற்கிறது. மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. ஆனால் அதன் பக்கவிளைவு பல் நிலைப்பதுதான், அந்தப் பக்கவிளைவுக்காகவே செய்யத் தகுந்த சிகிச்சை அது.

பல் நிலைப்பது என்பதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைவாய்ப் பல் போனவரின் தட்டைப் பாருங்கள். சுண்டல் போகும், கீரைத்தண்டு போகும், முழுத் தானியம் போகும், வேர்க்கடலை போகும். குழைந்த சோறும் கஞ்சியும் ரசமும் பாலில் ஊறிய ரொட்டியும் மிஞ்சும். சர்க்கரை நோயாளிக்கு எதைச் சாப்பிடாதே என்று சொல்கிறோமோ அதை மட்டுமே மெல்ல முடிகிற வாய் அது. பல் போய், உணவு மாறி, சுகர் ஏறும் இந்த வழி, வீக்கத்தைப் பற்றிய எந்தப் படத்திலும் இருக்காது.

நம் பக்கத்து நிலைமைக்கு வருவோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. வழிநடத்தியது சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை வீட்டுக்கு வரலாம், காரையை வீட்டு வாசலில் எடுக்க முடியாது. அதற்கு நாற்காலி வேண்டும், கருவி வேண்டும், முக்கியமாக நோயாளி வர வேண்டும்.

அவர் வராததற்கு நம்மிடையே உலவும் இரண்டு பயங்கள் காரணம். முதலாவது, க்ளீனிங் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும். இதில் கண்ணால் பார்த்த உண்மை இருப்பதால்தான் பேசித் தீர்க்கக் கடினம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடத் தொடங்கிய பற்களை, பல்லுக்குப் பல் சிமெண்டு போட்டது போல இறுக்கிப் பிடித்திருந்தது அந்தக் காரையேதான். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, காரை அடைத்திருந்த சந்து தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் பல் நீண்டது போலவும் கூச்சமாகவும் இருக்கும். ஆறிய ஈறு சில வாரங்களில் பல்லைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கவும் செய்யும். உட்காருவதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லும் மருத்துவர் பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறார். சொல்லாதவரிடம் நோயாளி இரண்டாம் முறை வரமாட்டார், தெரு முழுக்கச் செய்தியும் பரவும்.

இரண்டாவது, சுகர் இருந்தால் பல்லில் கை வைக்கக் கூடாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும்போது அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுவது சரியான நடைமுறைதான். ஆனால் அது பல்லைத் தொடாமல் வாழ்நாள் முழுக்க இருப்பது என்று ஊரில் மாறிவிட்டது. சுத்தம் செய்வதற்குச் சுகர் தடையில்லை, அதுவே காரணம். சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் போவது நல்லது. வெறும் வயிற்றில் போய் நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்குவதுதான் உண்மையான ஆபத்து.

பல் மருத்துவத்தின் பக்கம் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2018-இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டில், ஈறு நோய் எவ்வளவு வேகமாக முன்னேறக்கூடும் என்று தரம் பிரிக்கும்போது, நோயாளியின் ஹெச்பிஏ1சி 7-ஐத் தொட்டாலே மிக வேகமான தரத்தில் வைக்கிறார்கள். பல் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்காமல் நோயை முறையாகப் பெயரிட முடியாது என்று பொருள். எதிர்ப்பக்கமும் வழி உண்டு. நியூயார்க்கில் எவான்தியா லல்லா குழு 2011-இல் காட்டியது: நான்கு அல்லது அதற்கு மேல் பற்கள் இல்லாமலிருப்பது, பாக்கெட்டுகளில் கால் பங்குக்கு மேல் ஆழமாக இருப்பது, இந்த இரண்டை மட்டும் வைத்தே, தனக்குச் சர்க்கரைக் கோளாறு இருப்பதை அறியாதவர்களில் 73 விழுக்காட்டினரை அடையாளம் காண முடிந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும் சேர்த்தால் 92 விழுக்காடு. ஆடும் பல்லோடு வருகிறவரிடம், பல்லைப் பற்றிப் பேசும் முன் சுகர் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கும் பல் டாக்டர் நம் ஊரில் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் எந்தச் சுகர் டாக்டரிடம் அனுப்பினோம், அவர் என்ன பதில் எழுதினார் என்பது பெரும்பாலும் நோயாளியின் நினைவில்தான் தங்குகிறது.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் சர்க்கரை நோயாளிகளுக்கான வழிகாட்டலில் ஒரு பத்தியைச் சேர்த்தது: அவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஆண்டுப் பரிசோதனையில் சொல்லுங்கள், தவறாமல் வாய்ப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள், ஈறைச் சரிசெய்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்படக்கூடும் என்றும் சொல்லுங்கள். சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும், செலவில்லை. நம் சுகர் கிளினிக்குகளில் பாதத்தில் அதிர்வைச் சோதிக்கும் இசைக்கவை மேசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு டார்ச் விளக்கும் நாக்கை அமுக்கும் குச்சியும் இருந்தாலே ரத்தம் கசியும் ஈறும் ஆடும் பல்லும் தெரிந்துவிடும்.

மூன்று மாதம் என்ற கணக்கு இரண்டு துறைகளிலும் தற்செயலாக ஒன்றாகவே அமைந்திருக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால்தான் ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். ஆழமாகச் சுத்தம் செய்த பாக்கெட்டில் கிருமிகள் மறுபடி குடியேறச் சில வாரங்களே போதும். அதனால் ஈறு நோயாளியையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். லண்டன் சோதனையில் வென்றது இந்த அட்டவணைதான். பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பின், அதே காலையில், அடுத்த தெருவில் இருக்கும் பல் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டு வரலாம். சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டிய இரண்டாவது ரத்தத்துக்காக எப்படியும் இரண்டு மணி நேரம் காத்திருக்கத்தானே வேண்டும்.